தரை தட்டாத நடை

என் இயந்திரம் பொய் சொல்லாது. பொய் சொல்லும் அளவுக்கு அதற்கு அறிவு கிடையாது. மண்டைமேல் காந்தச் சுருளை வைத்து ஒரு தட்டு தட்டினால், அந்தத் தட்டு முதுகுத்தண்டு வழியாக இறங்கிக் காலுக்கு வந்து சேர்ந்ததா என்று திரையில் கோடு போட்டுக் காட்டும், அவ்வளவுதான். இன்னாசிக்குக் கோடு நேராகக் கிடந்தது. தலையிலிருந்து புறப்பட்ட எதுவும் இடுப்பைத் தாண்டி வரவில்லை. முதுகுத்தண்டு சேதமான மனிதருக்கு அப்படித்தான் இருக்கும்.

ஆனால் கோடு நேராகக் கிடக்கும்போதே அவர் வலது காலைத் தூக்கிக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார்.

“பாத்தீயளா டாக்டரம்மா?” என்றார்.

பார்த்தேன். பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம். இயந்திரத்தின் எல்லா முனைகளையும் கழற்றி மறுபடி மாட்டினேன். கோடு மாறவில்லை. கால் ஆடிக்கொண்டேயிருந்தது.

இன்னாசி தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் சங்கு குளிக்கிறவர். வாயில் காற்றுக்குழாயைக் கவ்விக்கொண்டு ஆழத்துக்குப் போய்ச் சங்கு பொறுக்கி வருகிற தொழில். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கீழே இறங்குகிறவரின் கயிற்றை மேலே படகில் பிடித்துக்கொண்டிருப்பது அவர் மனைவியின் உடன்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் கையைத் தளர்த்த மாட்டான் என்ற கணக்கு. காற்றுக்குழாய் வந்த பிறகும் கயிறும் வழக்கமும் அப்படியே இருந்தன. இன்னாசியின் கயிறு மச்சான் தொம்மையின் கையில் இருந்தது. ஒருநாள் கீழே குழாய் மடங்கிக் காற்று நின்றுபோக, தொம்மை ஒரே மூச்சில் இழுத்து மேலே கொண்டுவந்துவிட்டார். அந்த வேகத்தில் ரத்தத்தில் காற்றுக்குமிழி கட்டி, முதுகுத்தண்டில் போய் அடைத்துக்கொண்டது. இழுக்காமல் விட்டிருந்தால் உயிர் போயிருக்கும். இழுத்ததில் கால்கள் போயின.

நான் வேலை பார்க்கும் தனியார் ஆய்வகம் அதே கரையில், கடலை ஒட்டி இருக்கிறது. அதன் தலைவர் நெல்லையப்பன் சார். கெட்டிக்காரர். தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே ரசிக்கிறவர். இன்னாசியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு அவர் மனைவி பிரகாசியும் தொம்மையும் முதன்முதலாக வந்த அன்று, அவர்களை நேராகக் கண்ணாடித் தொட்டி முன்னால் கூட்டிப் போய் நிறுத்தினார். கண்ணாடியின் உட்புறத்தில் அழுக்குத் திட்டு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால்தான் அது நகர்கிற ஒரு கடல்பிராணி என்று தெரியும்.

“இதுக்கு வாய் கிடையாது, வயிறு கிடையாது, மூளை கிடையாது,” என்றார் சார். “நரம்புன்னு ஒரு நூல்கூட கிடையாது. ஆனா இரை கிடைச்சா மொத்த உடம்பும் ஒண்ணா நிக்கும். தின்னு முடிச்சா ஒண்ணா கிளம்பும். எப்படி?”

“எப்பிடி சார்?” என்று கேட்டார் தொம்மை.

“ஒரு செல்லு ஒரு சொட்டு வெளிய விடும். பக்கத்துல இருக்கிறதெல்லாம் அத மோந்து பாத்து, அது சொன்னபடி செய்யும். உலகத்துல முதல்ல வந்த பேச்சு இதுதாங்க. நரம்பெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்த சரக்கு. சேதி எல்லாருக்கும் போகாம, போகவேண்டிய எடத்துக்கு மட்டும் போகட்டும்னு இழுத்த கயிறு. இப்பவும் ஒவ்வொரு கயித்து நுனியிலயும் அதே சொட்டுதான் இருக்கு. உங்க உடம்புலயும், என் உடம்புலயும்.”

பிரகாசி தொட்டியைப் பார்க்கவில்லை. புருஷனின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாசிக்குக் கயிறு அறுந்துபோச்சு. நாம கயித்த ஒட்டப் போறதில்ல. ஊசி போட்டுப் பழைய பேச்ச அவர் உடம்புக்கு ஞாபகப்படுத்தப் போறோம். கடல்தண்ணித் தொட்டியில தினமும் காலையில உட்காரணும். முறிவுக்கு மேல இருக்கிற நரம்பு தண்ணியில சொட்டு விடும். கீழ இருக்கிறது கேட்டுக்கும்.”

எனக்கு இடித்தது. “தண்ணியில சொல்றது ஒருத்தருக்கு மட்டும் எப்படி சார் கேக்கும்?” என்றேன்.

“தொட்டியில அவர் ஒருத்தர்தானே வடிவு இருக்கப் போறார்,” என்று சிரித்தார்.

என் முழுப்பெயர் சண்முகவடிவு. கேள்வி கேட்டால் மட்டும் சார் அதைச் சுருக்கிவிடுவார்.

முதல் நாளே தொட்டியில் இரண்டு பேர் இருந்தார்கள். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தொம்மையும் இறங்கியிருந்தார். நர்ஸ் தடுத்திருக்கிறாள், கேட்கவில்லை. சார் வந்து ஆங்கிலம் கலந்து அதட்டியும் பார்த்தார்.

“அவன் தண்ணிக்குள்ள இருக்கான். நான் கயித்த விட்டுட்டுக் கரையில நிக்கவா சார்?” என்றார் தொம்மை. அதில் வாதம் எதுவும் இல்லை. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

சார் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார். அதன்பின் ஒவ்வொரு காலையும் தொம்மை தண்ணீருக்குள் மண்டியிட்டு, மாப்பிள்ளையின் இடுப்பையும் தொடையையும் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூலி கிடையாது, தொழில் கிடையாது. அண்ணனுக்கும் சேர்த்து பிரகாசி சோறு கொண்டுவருவாள். மாலையில் தொட்டித் தண்ணீரைப் பின்பக்கக் குழாய் வழியாகக் கடலில் திறந்துவிட்டு, மறுநாள் புதுத் தண்ணீர் ஏற்றுவார்கள்.

கால் ஆடியது. பிறகு தரையில் ஊன்றி நின்றது. ஒரு காலையில் இன்னாசி கம்பியைப் பிடித்துக்கொண்டு வராந்தா முழுக்க நடந்தார். ஆய்வகமே கூடி நின்று கை தட்டியது. பிரகாசி ஒரு பெட்டி மக்ரூன் வாங்கி வந்து வாசல் காவலாளிவரைக்கும் கொடுத்தாள். நான் சாரிடம் நேர்க்கோட்டைக் காட்டினேன்.

“மெஷின மாத்து,” என்றார்.

மாற்றினேன். புது இயந்திரமும் நேர்க்கோடுதான் போட்டது.

சில வாரம் கழித்து பிரகாசி தனியாக வந்தாள். என் அறைக்குள் வந்து கதவை அவளே சாத்தினாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அது அவிய நடை இல்ல டாக்டரம்மா. எங்க அண்ணன் நடை.”

“கூடவே இருந்து பழகினதுல அப்படித் தோணலாம் பிரகாசி.”

“அண்ணனுக்குக் குதிகால் தரையில அழுந்தாது. சின்னதுல இருந்தே அப்பிடித்தான். அவன் செருப்பு முன்னாடிதான் தேயும். இப்ப அவிய செருப்பும் முன்னாடி தேயுது.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் நிறுத்தவில்லை.

“அண்ணன் வீடு பின்னால தெரு. விடியக்கருக்கல்ல எந்திரிச்சு அவன் கரைக்குப் போவான். அந்நேரம் அவிய நல்லா ஒறங்கிக்கிட்டிருப்பாவ. காலு ரெண்டு மட்டும் எந்திரிக்கப் பாக்கும். போர்வைக்குள்ள கெடந்து நடக்கும். நான் புடிச்சு அமுக்கினா, அதுக்கு என்னத் தெரியல.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“வெக்கத்த விட்டுச் சொல்லுதேன். புருசன் பக்கத்துல படுக்கணும்னா எங்கூடப் பொறந்தவன் காலு நடுவுல கெடக்கு. பாயத் தூக்கி அடுப்படியில போட்டுக்கிட்டேன். அவிய ஏன்னு கேக்கல. கேக்காம இருக்கது அத விடக் கஷ்டமா இருக்கு.”

என்ன ஆறுதல் சொல்வது? இதற்கு எந்தப் பாடப்புத்தகத்தில் ஆறுதல் எழுதியிருக்கிறது?

“அவிய சொந்த நடையத் திருப்பிக் குடுங்க டாக்டரம்மா. அது முடியாதுன்னா நடையே வேண்டாம். நாற்காலியிலயே வச்சுப் பாத்துக்கிடுதேன்.”

மறுநாள் இரண்டு பேரையும் வரச் சொன்னேன். இன்னாசியை ஓர் அறையிலும் தொம்மையை அடுத்த அறையிலும் படுக்கவைத்தேன். நடுவில் சுவர், சுவரின் உச்சியில் காற்றுப்போக்கி. தொம்மையின் உள்ளங்காலில் ஊசியால் லேசாகக் குத்தினேன். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அடுத்த அறையில் நர்ஸ் கத்தும் சத்தம் கேட்டது. இன்னாசியின் கால் அவள் கையிலிருந்த தட்டை உதைத்துத் தள்ளியிருந்தது.

அப்புறம் இன்னாசியின் உள்ளங்காலில் குத்தினேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப்பக்கமிருந்து தொம்மையின் குரல் வந்தது. “எத்தன தடவ குத்துவீய டாக்டரம்மா?”

ஓடிப் போய் சாரிடம் சொன்னேன். அவர் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் ஒரு வெளிச்சம்.

“ரெண்டு திசையிலயும் போகுதா? நரம்பு வழியாப் போற சேதிக்கு இது கிடையாதே வடிவு. ஜெல்லிமீன் உடம்புலதான் இப்படி, எந்தப் பக்கம் தொட்டாலும் எல்லாப் பக்கமும் ஓடும். அப்ப ஊசி போடாத தொம்மை உடம்பும் பேசக் கத்துக்கிட்டிருக்கு. தண்ணி, வேர்வை, காத்து, எதுலயும் போகுது போல. நாம தேடினதவிட இது பெருசு.”

“சார், அந்தப் பொண்ணு அடுப்படியில படுத்திருக்கா.”

அவருக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனிதர் கெட்டவர் இல்லை. மனிதர்களை நினைக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

“காலு முதல்ல எந்தக் குரலைக் கேட்டதோ அதுக்குப் பழகிடுச்சு,” என்றார் கடைசியில். “தொம்மை இடுப்புக்குக் கீழ கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். இன்னாசியோட குரல் முதுகுப்பக்கமா வெளிய போச்சு. கிட்ட இருந்தவர் சொன்னதக் காலு கேட்டுச்சு. அவர தூரமா அனுப்புங்க. அந்தக் குரல் அடங்கினா சொந்தக் குரல் கேக்கலாம்.”

இன்னாசியிடம் நான்தான் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை.

“எனக்குத் தெரியும் டாக்டரம்மா. நான் நடன்னு சொல்லி அது நடக்கல. அது நடந்த பெறகு, நான்தான் நடந்தேன்னு நெனச்சுக்கிடுவேன்.”

“பின்ன ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“காலு வேணும்லா,” என்றார்.

தொம்மை அந்த வாரமே கொச்சிக்குப் போனார், அங்கே விசைப்படகில் வேலை. போகும்போது ஆய்வக வாசலில் நின்று என்னிடம் மட்டும் பேசினார். “நல்லது செய்யுதோம்னுதான டாக்டரம்மா எறங்குனேன். இப்ப தங்கச்சி மொகத்தப் பாக்க முடியல.” அவர் நின்றுகொண்டு போன பேருந்து ஊர் எல்லையைத் தாண்டியதும் இன்னாசியின் கால்கள் தொய்ந்து விழுந்தன. அப்போது இன்னாசி வீட்டு வாசலில் நின்று சவரம் செய்துகொண்டிருந்தாராம். பிரகாசிதான் ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள்.

காத்திருந்தோம். சொந்தக் குரல் இன்றைக்குக் கேட்கும், நாளைக்குக் கேட்கும் என்று சார் சொல்லிக்கொண்டேயிருந்தார். கால்கள் அசையவில்லை. பிரகாசி பாயை மறுபடி கூடத்துக்குக் கொண்டுவந்து புருஷன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். “இதுவும் போதும்,” என்றாள் என்னிடம். போதாது என்று அவள் முகம் சொன்னது. முன்பு அவர் கடலுக்குப் போய்விட்டுத் தெருமுனையில் வரும்போதே அடுப்பில் உலை வைத்துவிடுவாளாம். காலடிச் சத்தம் ஒன்றே போதுமாம், எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

அதன்பிறகுதான் இன்னாசி அந்தப் பேச்சைத் தொடங்கினார். மாதப் பரிசோதனைக்கு வந்திருந்தார். கால்களைப் பலகைமேல் தூக்கி வைத்திருந்தோம், அவை கிடந்த இடத்தில் கிடந்தன.

“நான் நடக்கேன் டாக்டரம்மா.”

“எப்போ?”

“இப்ப. எப்பவும். நிறுத்தாம நடந்துகிட்டேதான் இருக்கேன். ஆனா தரை தட்டல.”

கை போனவருக்கு இல்லாத விரல் அரிப்பதுண்டு, அது மூளையின் பழைய நினைப்பு. அப்படித்தான் சார் விளக்கினார். நானும் தலையாட்டினேன். இன்னாசி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“அது சரி சார். ஆனா குளிருதே. தண்ணி ஏறும்போது வேகமா நடக்கேன், வத்தும்போது மெள்ள நடக்கேன். அப்பப்ப மேல எதோ ஒரசிட்டுப் போகுது. ரெண்டு காலு மாதிரியும் இல்ல. நெறையக் காலு இருக்க மாதிரி இருக்கு.”

“வலிக்குதா?” என்றேன்.

“இல்ல,” என்றார். கொஞ்சம் யோசித்தார். “நல்லா இருக்கு. ஒங்ககிட்டச் சொல்லுததுக்கு என்ன, ரொம்ப நல்லா இருக்கு.”

பிரகாசி எழுந்து வெளியே போய்விட்டாள்.

இன்னாசியைச் சாரிடம் விட்டுவிட்டு அவளைத் தேடிப் போனேன். ஆய்வகத்துக்குப் பின்னால் கடல். மாலை வெயில் இன்னும் இருந்தது. தொட்டித் தண்ணீர் வெளியே விழும் குழாயின் வாயைச் சுற்றிப் பாறாங்கற்கள் போட்டிருப்பார்கள். அதில் ஒரு கல்லின்மேல் அவள் நின்றுகொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பிரகாசி?”

“சொறி கெடக்கு,” என்றாள்.

அந்தக் கரையில் ஜெல்லிமீனைச் சொறி என்பார்கள். அந்தப் பருவத்தில் வருவதுதான். ஆனால் இத்தனை நான் பார்த்ததில்லை. குழாய் வாயிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை, உள்ளங்கையளவு இளசுகள், தண்ணீர் தெரியாத அளவுக்கு.

சொறி குடையை விரித்து மூடுவதுபோல நீந்தும். முழுக்குடையும் ஒன்றாகச் சுருங்கும், ஒன்றாக விரியும். இவை அப்படிச் செய்யவில்லை. குடையின் ஒரு பாதி சுருங்கியது. பிறகு மறுபாதி. பிறகு முதல் பாதி. அத்தனை ஆயிரமும் ஒரே நேரத்தில். எந்தப் பக்கமும் போகாமல், நின்ற இடத்திலேயே.

“இதுங்க ஏன் டாக்டரம்மா இப்பிடிச் செய்யுது?”

எனக்கு உடனே புரியவில்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும். புரிந்துவிட்டது.

“சொறி குஞ்சா இருக்கும்போது கல்லுல ஒட்டிக்கிட்டுத்தான் வளரும் பிரகாசி. இந்தக் கல்லுலதான் ஒட்டியிருந்திருக்கும். தினமும் சாயங்காலம் தொட்டித் தண்ணிய இங்கதான் திறந்துவிட்டோம்.”

“சரி.”

“அந்தத் தண்ணியில ரெண்டு பேர் குரல் இருந்துச்சு. உங்கண்ணனுக்குக் கயிறு நல்லா இருக்கு, அவர் தண்ணியில பேசினது கொஞ்சந்தான். கயிறு அறுந்தவர் உங்க வீட்டுக்காரர். நட, நடன்னு அவர் சொன்னதெல்லாம் தண்ணிக்குத்தான் போச்சு. கேக்க வேண்டிய காலு கேக்கல.”

அவள் குனிந்து, முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டு, வெகுநேரம் பார்த்தாள். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. எண்ணுகிறாளோ, ஜெபம் சொல்கிறாளோ என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், அவள் தாளம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“எடது காலு கொஞ்சம் பிந்தி வரும்,” என்றாள். “அவியளுக்குச் சின்னதுல திருக்கை முள்ளு குத்தி நரம்பு இழுத்துக்கிடுச்சு. வலது வச்சு, ஒரு இம்மி நின்னு, அப்பறந்தான் எடது வரும். கல்யாணத்தன்னைக்குக் கோயில்ல நான் தலைய நிமித்தவே இல்ல. பக்கத்துல வந்த அந்த ரெண்டு காலயுந்தான் பாத்துக்கிட்டே நடந்தேன்.”

நான் தண்ணீரைப் பார்த்தேன். ஒரு பாதி சுருங்கியது. ஒரு இம்மி நின்றது. அப்புறம் மறுபாதி.

“இது அவிய நடைதான் டாக்டரம்மா.”

சொல்லும்போது அவள் குரலில் இருந்ததைத் துக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொலைந்த பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் தூரத்தில் பார்த்துவிட்டவள் மாதிரி நின்றாள். செருப்பைக் கழற்றி ஒரு காலைத் தண்ணீருக்குள் வைத்தாள். நான் பதறி அவள் கையைப் பிடித்தேன். சொறிகள் அவள் கணுக்காலைச் சுற்றி நெருங்கி, அதே நடையை நடந்தன. அவளே காலை எடுத்துக்கொண்டாள். கணுக்கால் சிவந்து தடித்திருந்தது.

“இதுங்க எம்புட்டு நாள் கெடக்கும்?”

“வாடைக்காத்து எடுக்கிறவரைக்கும். அப்புறம் செத்துக் கரையில ஒதுங்கிடும்.”

“அப்ப அவியளுக்கு என்ன ஆகும்?”

“தெரியல பிரகாசி. சத்தியமா எனக்குத் தெரியல.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். சேலை நுனியைப் பிழிந்து உதறினாள்.

“அதுவரைக்கும் நடக்கட்டும்,” என்றாள். “அவியகிட்ட மட்டும் சொல்லிராதீய. தெரிஞ்சா கடல்ல எறங்கிருவாவ.”

பின்வாசல் சரிவுக்கு இன்னாசியே தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்திருந்தார். வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்து எங்களைப் பார்த்தார். நாங்கள் ஏறி அவர் பக்கத்தில் போனதும், அவ்வளவு நேரம் கடலில் என்ன பார்த்தாய் என்று அவளைக் கேட்டார்.

“ஒண்ணுமில்ல,” என்று சொல்லிவிட்டு பிரகாசி நாற்காலியைக் கடலுக்கு முதுகு காட்டித் திருப்பினாள்.